பழைய ரொட்டி

பழைய ரொட்டி என்பது, சுட்டெடுத்துச் சில மணி நேரமோ சில நாட்களோ கடந்ததால் மென்மையும் மணமும் குறைந்து இறுகிய, ஆனால் கெட்டுப்போகாத ரொட்டி ஆகும். இங்கு ரொட்டி என்பது ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த மாவைச் சூளையில் சுட்டுச் செய்யப்படும் உணவைக் குறிக்கும். இது தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் பிரெட் எனவும், இலங்கையில் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த பாண் என்னும் சொல்லாலும் அழைக்கப்படுகிறது.

பழைய ரொட்டியும் கெட்டுப்போன ரொட்டியும் ஒன்றல்ல. முன்னது உண்பதற்கு ஏற்றது. பல உணவு வகைகளுக்குப் புதிய ரொட்டியை விடவும் பொருத்தமானது. பின்னது உடல்நலத்திற்குத் தீங்கானது. இவ்வேறுபாட்டை அறியாமையால் உண்ணத்தக்க ரொட்டி வீணாவதும், உண்ணத்தகாத ரொட்டி உண்ணப்படுவதும் நிகழ்கின்றன.

பழையதாகும் விதம்

ரொட்டி இறுகுவதற்கு ஈரம் வற்றுவதே காரணம் எனப் பரவலாக நம்பப்படுகிறது. இது முழுமையாகச் சரியன்று. ஈரம் வெளியேறாதவாறு மூடி வைக்கப்பட்ட ரொட்டியும் பழையதாகிறது என்பதையும், அதனை மீண்டும் சூடாக்கினால் மென்மை திரும்புகிறது என்பதையும் பிரான்சு நாட்டு வேதியியலாளர் ஜான் பாப்டிஸ்ட் பூசங்கோ 1852 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

கோதுமை மாவில் உள்ள மாவுப்பொருள் அமைலோசு, அமைலோபெக்டின் என்னும் இரு கூறுகளால் ஆனது. சூளையின் வெப்பத்தில் மாவுப்பொருள் மணிகள் நீரை உறிஞ்சி உப்பிக் கூழ் போன்ற நிலையை அடைகின்றன. ரொட்டி ஆறும்போது இம்மூலக்கூறுகள் மீண்டும் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகங்களாகின்றன. அமைலோசு சில மணி நேரத்திலும், அமைலோபெக்டின் சில நாட்களிலும் இந்நிலையை அடைகின்றன. ரொட்டி நாளுக்கு நாள் இறுகுவதற்குப் பின்னதே முதன்மைக் காரணம். இதனுடன், உட்பகுதியின் ஈரம் மேல்தோலுக்கு நகர்வதால் மொறுமொறுப்பான தோல் தோல்பட்டை போல இழுபடும் தன்மையைப் பெறுகிறது.

அமைலோபெக்டின் படிகங்கள் ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பநிலையில் உருகுகின்றன. எனவேதான் பழைய ரொட்டியைச் சூடாக்கினால் மென்மையாகிறது. எனினும் ஆறியதும் அது மீண்டும், முன்னிலும் விரைவாக இறுகிவிடும்.

உண்ணத்தகாத ரொட்டி

பின்வரும் அறிகுறிகள் காணப்படும் ரொட்டியை எம்முறையிலும் பயன்படுத்தக் கூடாது.

* பூஞ்சணம்: பச்சை, கறுப்பு, வெள்ளை நிறப் புள்ளிகளாகத் தோன்றும். பூஞ்சண இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் ரொட்டியின் துளைகள் வழியே பரவியிருக்கலாம் என்பதால், புள்ளியுள்ள இடத்தை மட்டும் கிள்ளி எறிவது போதாது. சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் நச்சுப்பொருட்கள் சமையல் வெப்பத்தில் அழிவதில்லை.
* நூல்விடுதல்: உட்பகுதி பிசுபிசுப்பாகி, பிரித்தால் நூல் போல இழுபடும்; மிகக் கனிந்த பழத்தின் மணம் வீசும். இதற்குப் பேசில்லசு வகை நுண்ணுயிரிகள் காரணம். இவற்றின் வித்துக்கள் ரொட்டி சுடும் வெப்பத்தையும் தாங்கி உயிர்த்திருக்க வல்லவை.

ஆகவே, ரொட்டியைச் சமைப்பதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் இருபுறமும் பார்த்தல் வேண்டும். பொரிப்பதாலோ வேகவைப்பதாலோ கெட்ட ரொட்டி நல்லதாகிவிடாது.

வரலாறு

சூளையைச் சூடேற்ற மிகுந்த விறகு தேவைப்பட்டதால், ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் பல நாட்களுக்கு வேண்டிய ரொட்டி ஒரே நாளில் சுடப்பட்டது. எனவே பழைய ரொட்டியை உண்பது அங்கு அன்றாட நடைமுறையாக இருந்தது. ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்து, மேலே தேன் ஊற்றி உண்ணும் முறை, அப்பீசியசு என்பவரின் பெயரால் வழங்கும் பண்டைய உரோமானியச் சமையல் நூலில் காணப்படுகிறது.

முதலாம் உலகப் போரின்போது, 1917 இல், சுட்டு 12 மணி நேரம் ஆகாத ரொட்டியை விற்பதற்குப் பிரித்தானிய அரசு தடை விதித்தது. சூடான புதிய ரொட்டியை மக்கள் கூடுதலாக உண்பர் என்பதும், ஆறி இறுகிய ரொட்டியை மெல்லிய துண்டுகளாக வெட்ட இயலும் என்பதும் இதற்குக் காரணங்கள். அடுத்த ஆண்டில், மிச்ச உணவுகளைப் பயன்படுத்தும் கலை பற்றி இத்தாலியக் கவிஞர் ஒலிந்தோ குவெரீனி எழுதிய சமையல் நூல் அவரது மறைவிற்குப் பின் வெளியானது.

பயன்படுத்தும் முறைகள்

பழைய ரொட்டி உணவுகள் பல நாடுகளில் பல பெயர்களில் வழங்கினாலும், அவற்றின் அடிப்படை முறைகள் சிலவே.

மீளச் சூடாக்கல்

முழு ரொட்டியின் மேல்தோலில் சிறிது நீர் தெளித்து, 180 பாகை செல்சியசு வெப்பமுள்ள சூளை அடுப்பில் சுமார் 10 நிமிடம் வைத்தால் உட்பகுதி மென்மையாகும், தோலும் மொறுமொறுப்பாகும். சூளை அடுப்பு இல்லாதோர் துண்டுகளை இட்லிப் பானையில் ஓரிரு நிமிடம் ஆவியில் வைக்கலாம். இதில் மென்மை மட்டுமே திரும்பும், மொறுமொறுப்பு வராது. இவ்வாறு சூடாக்கிய ரொட்டியை உடனே உண்டுவிட வேண்டும்.

உலர்த்தல்

ரொட்டியைச் சிறு சதுரங்களாக வெட்டி எண்ணெய் அல்லது வெண்ணெய் தடவி வறுத்தால், சூப்பில் இடும் குரூட்டான் கிடைக்கும். ஈரம் முற்றிலும் வற்றும் வரை மிதமான சூட்டில் உலர்த்திப் பொடித்தால் ரொட்டித் தூள் கிடைக்கும். இது கட்லெட், மீன் முதலியவற்றின் மேல் பூசிப் பொரிக்கப் பயன்படுகிறது. தூளில் ஈரம் எஞ்சியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆறவைத்த பின்னரே காற்றுப் புகாத கலத்தில் இடவேண்டும்.

பாலிலும் முட்டையிலும் ஊறவைத்தல்

இறுகிய ரொட்டி தன் வடிவம் குலையாமல் நீர்மத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிய ரொட்டி எளிதில் குழைந்துவிடும். ஆதலால் இவ்வகை உணவுகளுக்கு ஓரிரு நாள் பழைய ரொட்டியே விரும்பப்படுகிறது. நான்கு துண்டுகளுக்கு இரண்டு முட்டை, அரைக் குவளை பால், சிறிது சர்க்கரை என்னும் அளவில் கலந்து, துண்டுகளை நனைத்து, தோசைக்கல்லில் வெண்ணெயிட்டு இருபுறமும் வாட்டி எடுப்பது பரவலான முறை. இதனைப் பிரெஞ்சு மொழியில் "இழந்த ரொட்டி" என்றும், ஜெர்மன் மொழியில் "ஏழை வீரர்கள்" என்றும் பொருள்படும் பெயர்களால் அழைக்கின்றனர். ஸ்பெயினில் தொர்ரிகா என்னும் பெயரில் ஈசுட்டருக்கு முந்தைய நாட்களில் சிறப்பாகச் செய்யப்படுகிறது. வெண்ணெய் தடவிய துண்டுகளை உலர் திராட்சையுடன் அடுக்கி, பாலும் முட்டையும் ஊற்றிச் சூளையில் வேகவைப்பது இங்கிலாந்தின் ரொட்டிப் புட்டிங் ஆகும்.

சூப்பும் சாலட்டும்

இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் மரபாக உப்பில்லாத ரொட்டி சுடப்படுகிறது. அப்பகுதியின் புகழ்பெற்ற உணவுகள் பல பழைய ரொட்டியை அடிப்படையாகக் கொண்டவை.

* பன்சனெல்லா: ரொட்டியை நீரில் நனைத்துப் பிழிந்து உதிர்த்து, வெங்காயம், தக்காளி, துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலை, ஒலிவ எண்ணெய், வினிகர் சேர்த்துச் செய்யும் சாலட். தக்காளி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவிற்கு வந்து பரவும் முன் இதில் வெங்காயமே முதன்மை பெற்றிருந்தது.
* பாப்பா அல் பொமதோரோ: தக்காளிச் சாற்றில் ரொட்டியைக் குழையவிட்டுச் செய்யும் கெட்டியான சூப்.
* ரிபொல்லித்தா: வெள்ளை அவரை விதை, கரும்பச்சை முட்டைக்கோசு, ரொட்டி சேர்ந்த சூப். பெயரின் பொருள் "மீண்டும் கொதித்தது" என்பதாகும். முதல் நாள் சூப்பை மறுநாள் கொதிக்கவைத்து உண்ட வழக்கத்தால் இப்பெயர் வந்தது.

ஸ்பெயினின் கோர்தோபா நகரத்துச் சல்மொரேகோவில் ரொட்டி, தக்காளி, பூண்டு, ஒலிவ எண்ணெய் ஆகியன அரைக்கப்படுகின்றன. சாற்றிற்குக் கெட்டித்தன்மை தருவது ரொட்டியின் மாவுப்பொருளே. லெபனான், சிரியா ஆகிய நாடுகளில் பழைய தட்டை ரொட்டியை வறுத்து அல்லது வாட்டிக் காய்கறிகளுடன் கலந்து பத்தூசு என்னும் சாலட் செய்கின்றனர்.

உருண்டை பிடித்தல்

தென் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பழைய ரொட்டித் துண்டுகளைச் சூடான பாலில் ஊறவைத்து, முட்டை, வெங்காயம், கீரைவகைத் தழை சேர்த்துப் பிசைந்து உருண்டையாக்கிக் கொதிநீரில் வேகவைக்கின்றனர். இவ்வுருண்டை இறைச்சிக் குழம்புடனோ காளான் குழம்புடனோ பரிமாறப்படும்.

நொதிக்கவைத்தல்

உருசியாவில் உலர்த்திய ரை ரொட்டியைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்து, சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து நொதிக்கவைத்து குவாசு என்னும் பானம் தயாரிக்கப்படுகிறது. புளிப்பும் இனிப்பும் கலந்த இதில் ஆல்ககோல் மிகக் குறைந்த அளவே இருக்கும்.

இந்தியாவிலும் இலங்கையிலும்

முட்டையில் நனைத்து வாட்டும் ரொட்டி இந்தியாவிலும் இலங்கையிலும் பாம்பே டோஸ்ட் எனப்படுகிறது. ஐதராபாத்தில் புளித்த மாவு ரொட்டியை டபுள் ரொட்டி என அழைப்பதால், அதனை நெய்யில் பொரித்து ஏலம், குங்குமப்பூ சேர்ந்த பாலிலும் சர்க்கரைப் பாகிலும் ஊறவைத்த இனிப்பு டபுள் கா மீட்டா எனப் பெயர்பெற்றது. தமிழ்நாட்டில் பிரியாணி விருந்துகளில் பரிமாறப்படும் பிரெட் அல்வாவும் இவ்வகையினதே. இதில் நெய்யில் பொரித்த துண்டுகள் பாலிலும் சர்க்கரையிலும் குழைய வேகவைக்கப்படுகின்றன.

வீடுகளில் செய்யப்படும் பிரெட் உப்புமாவிற்கும் பழைய ரொட்டி ஏற்றது. கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி வதக்கிய பின் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கிளற வேண்டும். புதிய ரொட்டி தக்காளியின் ஈரத்தில் களியாகிவிடும். பழைய ரொட்டி உதிரியாக நிற்கும். ரொட்டியில் ஏற்கனவே உப்பு இருப்பதால் உப்பைக் குறைத்துச் சேர்ப்பது நன்று.

சேமித்தல்

ரொட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிப்பது தாமதமாகும்; ஆனால் உறைநிலைக்குச் சற்று மேலான வெப்பநிலையில் மாவுப்பொருள் மிக விரைவாகப் படிகமாவதால் ரொட்டி அறை வெப்பநிலையை விட விரைவில் இறுகும். உறைகலனில், அதாவது சுமார் −18 பாகை செல்சியசில், இவ்விரண்டும் ஏறத்தாழ நின்றுவிடுகின்றன. எனவே ஓரிரு நாட்களில் உண்ணப்படாத ரொட்டியைத் துண்டுகளாக்கி, காற்றுப் புகாமல் சுற்றி உறைகலனில் வைத்து, வேண்டியபோது நேரடியாக வாட்டிக்கொள்ளலாம். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் ரொட்டி இறுகுவதற்கு முன்பே பூஞ்சணம் பிடிக்கக்கூடும் என்பதால், உறைகலன் இல்லாத வீடுகளில் மிஞ்சிய துண்டுகளை அன்றே உலர்த்தித் தூளாக்கி வைப்பது பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்கவும்

* ரொட்டி
* மாவுப்பொருள்
* பூஞ்சணம்
* நொதித்தல்
* உணவுப் பாதுகாப்பு