எக்ஸ்கொம் விளையாட்டில் படைவீரர் வகுப்புகளும் திறன் தெரிவும்: பெற்றோருக்கு ஓர் அறிமுகம்

எமது வீடுகளில் பதின்ம வயதுப் பிள்ளைகள் விளையாடும் கணினி விளையாட்டுகள் எல்லாவற்றையும் பெரியவர்கள் நாங்கள் “சுடுற கேம்” என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். ஆனால் அவற்றுள் ஒரு வகை, விரலின் வேகத்தைக் கேட்பதில்லை, யோசனையைக் கேட்கிறது. சதுரங்கத்தைப் போல, ஒரு தரப்பு தன் ஆட்களை நகர்த்தி முடித்த பின்னரே மறுதரப்பு நகரும். இந்த வகையில் பெயர்பெற்ற ‘எக்ஸ்கொம்: எனிமி அன்நோன்’ என்ற விளையாட்டை எடுத்து, அதில் படைவீரர்கள் எவ்வாறு வகுக்கப்படுகிறார்கள், திறன்கள் எவ்வாறு தெரிவுசெய்யப்படுகின்றன என்பதை இங்கு பார்ப்போம்.

வேற்றுக்கிரகவாசிகள் பூமியைத் தாக்குகிறார்கள். அவர்களை எதிர்க்கும் பன்னாட்டுப் படையொன்றின் தளபதி, விளையாடுபவர். இக்கதையின் மூல விளையாட்டை ஜூலியன் கோலப் 1994இல் வடிவமைத்தார். அதில் வகுப்பு என்று எதுவும் இல்லை. எந்த வீரரும் எந்த ஆயுதத்தையும் தூக்கலாம். சுடச் சுடக் குறி திருந்தும். 2012 ஒக்ரோபரில் பிராக்ஸிஸ் நிறுவனம் ஜேக் சொலமன் தலைமையில் இதைப் புதிதாக உருவாக்கியபோது, வீரர்களை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது.

முதலில் களத்தின் கணக்கு. ஒவ்வொரு முறையிலும் ஒரு வீரருக்கு இரண்டு செயல்கள் உண்டு. நகர்ந்து சுடலாம், அல்லது இரண்டையும் செலவழித்துத் தூரம் ஓடலாம். சுட்டால் பொதுவாக அந்த வீரரின் முறை முடிந்துவிடும். அரை மறைப்பின் பின்னால் இருப்பவரைச் சுடும்போது வாய்ப்பில் 20 புள்ளிகள் குறையும். முழு மறைப்பென்றால் 40. குறித்திறன் 65 உள்ள புதியவர் ஒருவர் அரை மறைப்பில் இருக்கும் எதிரியைச் சுட்டால், தூரம் முதலிய மற்றவற்றை விட்டுப் பார்த்தால், 45 வீத வாய்ப்பு. முழு மறைப்பென்றால் 25 வீதம். பக்கவாட்டுக்குச் சென்று சுட்டால் அந்த மறைப்பு பயனற்றதாகிவிடும். ஆகவே யாரை எங்கே நிறுத்துவது என்பதே பாதிச் சண்டை.

புதியவர் ரூக்கி எனப்படுவார். முதற் பதவி உயர்வில் அவருக்கு ஒரு வகுப்பு கிடைக்கும். அதை விளையாடுபவர் தெரிவதில்லை, விளையாட்டே தீர்மானிக்கும். பிள்ளையை மருத்துவத்துக்கு அனுப்ப நினைத்திருக்க, இசட் புள்ளி வேறு பீடத்தைக் காட்டுவது போன்ற நிலைமைதான். வகுப்புகள் நான்கு:

அசோல்ட் – முன்னால் பாய்ந்து கிட்ட நின்று சுடுபவர். தூரம் ஓடிய பின்னரும் சுட உதவும் ‘ரன் அன்ட் கன்’ இவரது முதல் திறன்.

ஹெவி – கனரக இயந்திரத் துப்பாக்கியும் ரொக்கெற் ஏவியும் வைத்திருப்பவர். ரொக்கெற் எதிரியோடு சேர்த்து அவர் ஒளிந்திருக்கும் மறைப்பையும் உடைக்கும்.

ஸ்னைப்பர் – தொலைவில் இருந்து குறிபார்த்துச் சுடுபவர். சாதாரணமாக, நகர்ந்த அதே முறையில் தன் நீள் துப்பாக்கியை இவரால் சுட முடியாது.

சப்போர்ட் – புகைக்குண்டு வீசித் தோழர்களைக் காப்பவர், மருத்துவராகவும் வளர்க்கக்கூடியவர்.

வகுப்பு கிடைத்த பின்னர் கோப்ரல், சார்ஜன்ட், லெப்டினன்ட், கப்டன், மேஜர், கேணல் என ஆறு படிகள். மேஜர் படியில் மட்டும் திறன் நிலையானது. மற்ற ஐந்து படிகளிலும் இரண்டு திறன்களில் ஒன்றைத்தான் எடுக்கலாம். ஐந்து தடவை இரண்டில் ஒன்று என்றால், ஒரே வகுப்பில் 32 விதமான வீரர்களை உருவாக்கலாம். எடுக்காமல் விட்டது விட்டதுதான். இந்த விளையாட்டில் பின்னர் மாற்ற வழியில்லை. வர்த்தகம் படித்தவர்கள் இதை அமையச் செலவு என்பார்கள்: ஒன்றைத் தெரியும்போது கைவிடப்படும் மற்றதன் பெறுமதியே அதன் உண்மையான விலை.

ஸ்னைப்பரின் கோப்ரல் படி நல்ல உதாரணம். ‘ஸ்னாப் ஷொட்’ எடுத்தால் நகர்ந்துவிட்டும் சுடலாம், ஆனால் துல்லியம் குறையும். ‘ஸ்குவாட்சைற்’ எடுத்தால், தோழர் ஒருவர் காணும் எதிரியைத் தான் நேரில் காணாத தொலைவில் இருந்தும் சுடலாம்; ஆனால் முன்னால் கண்ணாக நிற்க இன்னொருவர் வேண்டும். முதலாவது தனித்து இயங்குபவரை உருவாக்குகிறது. இரண்டாவது மற்றவர்களில் தங்கியிருப்பவரை. இதில் சரி பிழை இல்லை. மீதிப் படை எப்படி அமைந்திருக்கிறது என்பதே விடையைத் தரும்.

சப்போர்ட்டின் சார்ஜன்ட் படியில் ‘பீல்ட் மெடிக்’ எடுத்தால் மருத்துவப் பொதியை ஒரு சண்டையில் ஒரு தடவைக்குப் பதிலாக மூன்று தடவை பயன்படுத்தலாம். லெப்டினன்ட் படியின் ‘ரிவைவ்’, உயிருக்குப் போராடும் தோழரின் இரத்தப்போக்கை நிறுத்துவதோடு நில்லாமல் அவரை மீண்டும் எழுந்து சண்டையிட வைக்கும். மருத்துவர் இல்லாமல் களத்துக்குப் போகும் குழு, வெற்றி பெற்றாலும் ஆள் இழந்து திரும்பும்.

ஏனெனில் இங்கு இறந்தவர் திரும்பி வருவதில்லை. பலத்த காயத்தோடு விழுந்தவருக்குச் சில முறைகளே அவகாசம். காப்பாற்றினாலும் அவரது மனவுறுதி நிரந்தரமாகக் குறைந்துவிடும். தோழர் சாவதைக் கண்ட மற்றவர்கள் பீதியடைந்து கட்டளையை மீறலாம். பாசறையில் உள்ள நினைவுச் சுவரில் இறந்தவர்களின் பெயர்கள் பதியப்படும். ‘அயன்மான்’ முறையில் விளையாடினால், பழைய சேமிப்புக்குத் திரும்பிப் பிழையை அழிக்கவும் முடியாது.

இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஒரே அணியை எப்போதும் அனுப்புவதில்லை. களத்துக்கு முதலில் நால்வரும், பயிற்சி வசதிகள் வளர்ந்தபின் அறுவரும் போகலாம். அத்தனை பேரும் கேணல்களாக இருக்க, காயமடைந்தோர் பல நாட்கள் படுக்கையில் கிடந்தால், அடுத்த அழைப்புக்குப் புதியவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். ஒவ்வொரு களத்துக்கும் ஒரு புதியவரையாவது கூட்டிச் செல்வது, நல்ல காலத்தில் ஒதுக்கம் வைப்பது போன்றது.

2013இல் வந்த ‘எனிமி விதின்’ விரிவாக்கம் இன்னும் கடுமையான தெரிவைத் தந்தது: வீரரின் கைகால்களை அகற்றி இயந்திரக் கவசத்தோடு இணைக்கலாம், பிறகு மீள முடியாது. 2016இல் வந்த ‘எக்ஸ்கொம் 2’ சற்று இரங்கியது. அதில் உரிய பயிற்சி வசதியைக் கட்டி, சில நாட்களைச் செலவழித்தால், திறன்களை மீண்டும் தெரிவு செய்யலாம்.

பெற்றோர் கவனிக்க இரண்டு விடயங்கள். 2012 விளையாட்டு வட அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கென வகைப்படுத்தப்பட்டது, சிறுபிள்ளைகளுக்கு உகந்ததல்ல. வெடிச்சத்தம் மனதைக் குழப்பும் பெரியவர்கள் உள்ள வீடென்றால், பிள்ளை காதணிக் கருவியோடு விளையாடட்டும்.

இரண்டாவது, வீரர்களின் பெயரை மாற்றலாம். பல பிள்ளைகள் நண்பர்களின் பெயர்களை வைப்பார்கள். சிலர் தாங்கள் ஒருபோதும் காணாத மாமாவின், சித்தப்பாவின் பெயரை வைக்கக்கூடும். நினைவுச் சுவரில் அந்தப் பெயரைக் கண்டால் ஏசவேண்டாம். கேள்விப்பட்ட ஓர் இழப்பைப் பிள்ளை தன் வழியில் தொட்டுப் பார்க்கிறது. பக்கத்தில் இருந்து, “இவருக்கு ஏன் இந்தத் திறனைக் குடுத்தனீ?” என்று கேளுங்கள். பிள்ளை காரணம் சொல்லும். பிறகு அந்தப் பெயருக்குரியவரைப் பற்றி நீங்கள் சொல்லலாம்.