பஸ் ஷெட்டில் தொடங்கிய கதை

வெளிநாடுகளில் 1960களில் வந்த ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனை இன்றும் ஆசையாக வைத்து ஓட்டுகிறார்கள். படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி அது. அதற்குத் தேய்ந்துபோன பாகங்களை மாற்ற அங்கே பெரிய சிரமம் இல்லை. பழைய அளவிலேயே புதிதாகச் செய்து விற்கத் தனி நிறுவனங்கள் இருக்கின்றன.

கொங்கு நாட்டின் கேம்பர் வேன் என்றால் அது ஸ்டாண்டர்டு 20 வேனும் மெட்டடோர் வேனும்தான். பழனிக்கும் சபரிமலைக்கும் குருவாயூருக்கும் பாய், தலையணை, ஸ்டவ், புளிசாதத் தூக்கு சகிதம் ஒரு குடும்பமே அதில் கிளம்பும். படுக்கை மட்டும் கிடையாது, உட்கார்ந்தபடியே தூங்க வேண்டியதுதான்! ஸ்டாண்டர்டு 20 இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு அட்லஸ் வேனின் வாரிசு. அந்த வேனைச் செய்யும் அச்சுகளும் கருவிகளும் அங்கிருந்து வந்தபின் சென்னையில் தயாரானது. மெட்டடோர் ஜெர்மனியின் டெம்போ வழி வந்தது. புனேயின் பஜாஜ் டெம்போ தயாரித்தது. சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி 1980களின் இறுதியில் கதவடைத்தது. கம்பெனியே போனபிறகு ஸ்பேர் எங்கிருந்து வரும்? ஆனாலும் அந்த வேன்கள் கோவையில் இன்னும் பல வருடங்கள் ஓடின.

அது எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ள நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி.நாயுடு, பள்ளிப்படிப்பில் நாட்டமில்லாதவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதை வாங்குவதற்காகவே கோவை ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கியவர் செய்த முதல் வேலை அதைச் சுக்குநூறாகப் பிரித்ததுதான். பிறகு திரும்பப் பூட்டினார். இந்தக் கதையைச் சொல்லாத தமிழ்ப் புத்தகம் இல்லை. ஆனால் அதை அவருடைய மேதைமைக்குச் சான்றாக மட்டுமே சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் கோவையில் மோட்டார் வண்டி வைத்திருந்தவருக்கு வேறு வழியே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

1920இல் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு நாயுடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் சில ஆண்டுகளில் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அப்போதைய பஸ் என்பது வெளிநாட்டுச் சேஸிஸின் மேல் உள்ளூர் ஆசாரிகள் கட்டிய மரக்கூடு. சாலையோ மண்ணும் கப்பியும். புழுதி புகுந்தால் பிஸ்டன் ரிங் தேயும், குழியில் விழுந்தால் பட்டை முறியும், வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி கிங் பின் ஆடத் தொடங்கும். புது பாகம் கப்பலில் பம்பாய்க்கோ சென்னைக்கோ வந்து, ரயிலேறி கோவை சேர வேண்டும். அதுவரை பஸ் ஷெட்டில் நிற்கும். நிற்கிற பஸ்ஸுக்கு வருமானம் இல்லை, ஆனால் கடனுக்கு வட்டி மட்டும் ஓடும்!

எனவே ஒவ்வொரு பஸ் முதலாளிக்கும் ஒரு பட்டறை தேவைப்பட்டது. ஒரு லேத்து, ஒரு உலைக்களம், ஒரு துளைபோடும் இயந்திரம், நாலைந்து ஃபிட்டர்கள். அன்றைய என்ஜின்கள் பலவற்றில் இப்போதுபோல் கழற்றி மாட்டும் பேரிங் கிடையாது. ஈயம், வெள்ளீயம் கலந்த உலோகத்தை உருக்கி ஊற்றி, ஆறியதும் கையால் சுரண்டிச் சுரண்டி கிராங்க் ஷாஃப்டுக்குப் பொருத்த வேண்டும். சுரண்டல் கொஞ்சம் அதிகமானால் என்ஜின் தட்டும், குறைந்தால் இறுகிக்கொள்ளும். சிலிண்டர் தேய்ந்தால் துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவு பிஸ்டன் போடுவார்கள். அதற்கும் மேல் தேய்ந்தால் உள்ளே லைனர் இறக்கி, மறுபடி முதல் அளவுக்கே கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு என்ஜின் பலமுறை இப்படி மறுபிறவி எடுக்கும்.

தேய்ந்த பாகத்தைப் பார்த்துப் புதிதைச் செய்வது கேட்பதற்கு எளிது. தேய்ந்துபோனதை அளந்தால் தேய்ந்த அளவுதானே வரும்? அதனால் தேயாத இடத்தைத் தேட வேண்டும். பின்னின் எந்த ஓரம் மூடிக்குள் மறைந்திருந்ததோ அங்கேதான் உண்மையான அளவு கிடைக்கும். வார்ப்பு என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு அங்குலம் சுருங்கும். மர அச்சு செய்யும் தச்சர் அந்த அளவுக்குப் பெரிதாகவே இழைத்துத் தர வேண்டும். ஏட்டுக்கல்வி அதிகம் இல்லாத தச்சர்கள் இந்தக் கணக்கைத் தப்பாமல் போட்டார்கள்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. பெட்ரோலுக்கு ரேஷன். கப்பல்கள் ராணுவத்துக்குப் போய்விட்டதால் ஸ்பேர் வருவதும் நின்றது. பஸ்களின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் என்ஜினை ஓட்டினார்கள். காலையில் ஒருவர் சக்கரத்தைச் சுற்றிக் காற்றடித்துக் கரியைப் பற்ற வைத்தபின்தான் பஸ் கிளம்பும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். சிரிப்பாகத் தோன்றினாலும் பட்டறைக்காரருக்கு அது சோதனைக் காலம். கரி வாயுவோடு சாம்பலும் தாரும் சேர்ந்து உள்ளே போய் சிலிண்டரை வேகமாகத் தின்றன. பாகம் கிடைக்காத நேரத்தில்தான் பாகம் அதிகமாகத் தேய்ந்தது!

இதற்கிடையில் பைகாரா மின்சாரம் வந்திருந்தது. 1937இல் பீளமேட்டில் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இன்று கோவை என்றால் மோட்டார் பம்ப் என்கிறோம். அதன் பின்னால் நூல் மில்களின் பழுதுபார்க்கும் பட்டறையும் உண்டு, பஸ் ஷெட்டும் உண்டு. மில்லைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், பஸ் ஷெட்டைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

எல்.ஜி.பாலகிருஷ்ணன் சகோதரர்கள் 1937இல் தொடங்கிய நிறுவனம் முதலில் செய்தது போக்குவரத்துத் தொழில். பின்னாளில் அதே நிறுவனம் மோட்டார் சைக்கிள் செயினுக்குப் பெயர் பெற்றது. அதே குடும்பத்திலிருந்து 1960இல் வந்த எல்ஜி, பஸ் ஷெட்டுக்கு வேண்டிய காற்றழுத்த இயந்திரங்களையும் கருவிகளையும் செய்தது. தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெட் தொழிலிலும் எல்ஜி பெயர் நிலைத்தது. பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டரின் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்தான் சக்தி குழுமத்தின் வேர். அந்தக் குழுமம் பின்னர் கார் கம்பெனிகளுக்கு ஸ்டியரிங் நக்கிள் வார்த்துக் கொடுத்தது. கிங் பின் ஆடுகிறதே என்று கவலைப்பட்ட ஊர், கார்களுக்கு முன்சக்கரத்தைத் தாங்கும் பாகத்தையே செய்து அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டது.

1972இல் பெரிய பஸ் நிறுவனங்கள் அரசுடைமையாகி, கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது. பஸ் போனபோது இந்தக் குடும்பங்கள் விழுந்துவிடாததற்குக் காரணம் அதற்கு முன்பே இயந்திரத் தொழிலிலும் கால் ஊன்றியிருந்ததுதான்.

எல்லாக் கதையும் வெற்றிக்கதை அல்ல. 1952இல் ஜி.டி.நாயுடு 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் காரைச் செய்து காட்டினார். அரசின் உரிமம் கிடைக்காமல் அது நின்றுபோனது. யார் எதைத் தயாரிக்கலாம் என்று டெல்லி தீர்மானித்த காலம் அது. 1954இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் தொழிற்சாலையை மூடிக்கொண்டு போனது. ஷெவர்லே வைத்திருந்தவர்கள் பட்டறைக்காரரைத்தான் நம்ப வேண்டியிருந்தது. முழு வண்டி செய்ய அனுமதி இல்லாத ஊர், நாடு முழுவதும் ஓடிய வண்டிகளுக்குப் பாகம் செய்தது.

உள்ளூர் ஸ்பேருக்கு 'டூப்ளிகேட்' என்ற கெட்ட பெயரும் வந்தது. அது முழுக்க அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. வடிவத்தைக் காப்பியடிக்கலாம், உலோகத்தைக் காப்பியடிப்பது கடினம். கிங் பின்னின் மேல்தோல் கடினமாகவும் உள்பகுதி முறியாத தன்மையோடும் இருக்க வேண்டும். கார்பன் ஏற்றிச் சூடாக்கி எண்ணெயில் தோய்க்கும் பக்குவம் அது. சாதாரண இரும்பைக் கடைந்து பளபளப்பாக்கிக் கொடுத்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்து, வால்பாறை மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் ஆடினால் உள்ளே இருப்பது ஒரு குடும்பம். ஓட்டுநருக்கு அது தெரியும். அதனால்தான் 'எந்தப் பட்டறையில் கடைந்தது' என்று கேட்பார்கள். கம்பெனி பெயரைவிடப் பட்டறைக்காரரின் பெயருக்கு மதிப்பு அதிகம்.

மெட்டடோருக்கு முன்சக்கரம்தான் இழுக்கும் சக்கரம், திரும்பும் சக்கரமும் அதுவே. ஆகவே அதன் ஆக்ஸில் மூட்டு சீக்கிரம் தேயும். அந்த வேன்கள் இப்போது அரிதாகிவிட்டன. வாடகை வண்டி என்றால் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும், பிரேக்கும் ஸ்டியரிங்கும் அங்கே தேற வேண்டும். 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. தனியார் வண்டிக்கு அந்தத் தடை இல்லை. மூட்டு தேய்ந்துவிட்டது என்று லேத்துப் பட்டறைக்குப் போகிறவரிடம் முதலில் விலை பேச மாட்டார்கள். "பழசைக் கொண்டாந்திருக்கீங்களாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. துணியில் சுற்றி வைத்திருப்பதை வாங்கித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தேயாத ஓரத்தில் மைக்ரோமீட்டரை வைப்பார்கள்.