இனாமா, ஊதியமா?

வெளிநாட்டுப் பயணம் இன்று வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே உரியதாக இல்லை. பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர், மாநாட்டுக்குச் செல்லும் பேராசிரியர்கள், வணிகர்கள், சுற்றுலாக் குழுவினர் எனப் பலதரப்பினரும் கடல் கடந்து சென்று வருகின்றனர். விசா, விமானச் சீட்டு, அந்நியச் செலாவணி ஆகியவற்றுக்கு அவர்கள் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்குகூட இரண்டு சிறிய விஷயங்களில் இருப்பதில்லை. விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு எப்படிச் செல்வது என்பது ஒன்று. அழைத்துச் செல்லும் ஓட்டுநருக்கும் பெட்டியைத் தூக்கி வைக்கும் பணியாளருக்கும் எவ்வளவு கொடுப்பது என்பது மற்றொன்று.

தனித்தனியாகத் தோன்றினாலும் இவ்விரண்டும் ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன. நாம் செலுத்தும் பணத்தில் உழைப்பவரின் கைக்குப் போவது எவ்வளவு? நம் ஊரில் வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு இக்கேள்வி புதிதல்ல. கிலோமீட்டருக்கு இவ்வளவு, டோல் தனி, ஓட்டுநர் பேட்டா தனி என்று வண்டி புறப்படும் முன்பே பேசி முடித்து விடுகிறோம். வெளிநாட்டில் அந்தப் பேட்டா சில இடங்களில் கட்டணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சில இடங்களில் ரசீதில் வேறு பெயரில் இருக்கிறது. சில இடங்களில் பயணியின் சட்டைப் பையிலிருந்து வரவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. எங்கே எது என்று அறியாமல் செல்பவர் கஞ்சர் எனப் பெயர் எடுப்பார்; அல்லது ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுப்பார்.

மூன்று வகை வண்டிகள்

‘விடுதியிலிருந்து கார் வரும்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகைகள் உண்டு. முதலாவது, விமான நிலையத்தை ஒட்டிய விடுதிகள் இயக்கும் இலவச வேன். அமெரிக்காவில் இது மிகவும் பரவலானது. குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பலரையும் சேர்த்து ஏற்றிச் செல்லும். இரண்டாவது, விடுதியே சொந்தமாக வைத்திருக்கும் கார். உயர்தர விடுதிகள் சிலவற்றில் மட்டுமே இவ்வசதி இருக்கும். மூன்றாவதே அதிகம் காணப்படுவது. விடுதி, தன்னுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட கார் நிறுவனத்திடமிருந்து வண்டியை வரவழைத்து, தன் பங்கையும் சேர்த்து, அறைக் கணக்கில் எழுதிவிடும். ஓட்டுநர் ஏந்தி நிற்கும் அட்டையில் விடுதியின் பெயர் இருக்கும். ஆனால், அவர் விடுதியின் ஊழியர் அல்லர்.

இந்த வேறுபாடு முக்கியமானது. தென்கிழக்கு ஆசிய நகரம் ஒன்றில் நான் தங்கிய விடுதியின் கணக்கில், கார் கட்டணத்தின் மீதும் 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தது. ஊர் திரும்பும் நாளில், காரை ஓட்டி வந்தவரிடம் பேச்சுவாக்கில் அதுபற்றிக் கேட்டேன். தமக்குச் சம்பளம் கொடுப்பது கார் நிறுவனம் என்றும், விடுதி வசூலிக்கும் சேவைக் கட்டணத்துக்கும் தமக்கும் தொடர்பில்லை என்றும் சொன்னார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. இது தெரியாதா என்பதுபோலத்தான் சொன்னார். ரசீதில் ‘சேவை’ என்ற சொல் இருப்பதாலேயே சேவை செய்தவருக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கருத முடியாது.

விடுதி கார் தேவையா?

விடுதியின் கார் பெரும்பாலும் வாடகை டாக்சியைவிடக் கூடுதல் செலவு பிடிக்கும். பல நகரங்களில் டாக்சிக் கட்டணமே ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டன் செல்ல மஞ்சள் டாக்சிகளுக்கு 70 டாலர் என நிலையான கட்டணம் உண்டு. சுங்கச் சாவடிக் கட்டணமும் கூடுதல் தீர்வைகளும் டிப்ஸும் தனி. பாரிஸில் சார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் செல்ல, சேன் நதியின் வலக்கரைக்கு ஒன்று, இடக்கரைக்கு ஒன்று என 2016 முதல் நிலையான கட்டணங்கள் நடைமுறையில் உள்ளன. டோக்கியோவின் நரிட்டா விமான நிலையமோ நகரின் மையத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. அங்கே கார் செலவு மலைக்க வைக்கும். பெரிய விடுதிகளின் வாசலிலேயே இறக்கிவிடும் பேருந்துகளும் ரயில்களும் அதில் சிறு பங்குக்குக் கிடைக்கின்றன.

எனினும், நள்ளிரவில் இறங்குபவர்கள், முதியவர்களையோ குழந்தைகளையோ அழைத்துச் செல்பவர்கள், பெட்டிகள் அதிகம் உள்ளவர்கள், எழுத்தும் மொழியும் புரியாத நாட்டுக்கு முதன்முறையாகச் செல்பவர்கள் ஆகியோருக்கு விடுதி கார் கொடுக்கும் நிம்மதி செலவுக்குத் தகுந்ததே. உள்ளூர்ப் பணம் கையில் இல்லாமலே ஊருக்குள் சென்றுவிடலாம் என்பதும் ஒரு வசதி.

முன்பதிவு செய்யும்போது சில கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுவது நல்லது. கட்டணம் ஆளுக்கா, வண்டிக்கா? சுங்கச் சாவடி, வண்டி நிறுத்தம், இரவுநேரக் கூடுதல், வரி ஆகியவை அதில் அடங்குமா? ஓட்டுநருக்கான டிப்ஸ் சேர்க்கப்பட்டுள்ளதா? விமானம் தரையிறங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் கட்டணமின்றிக் காத்திருப்பார்? எந்த வாயிலில் நிற்பார்? குடியேற்றப் பிரிவின் வரிசையிலேயே ஒரு மணி நேரம் கழிந்துவிடக் கூடும் என்பதால் காத்திருக்கும் நேரத்தை அறிந்துகொள்வது அவசியம்.

விமானம் வந்து சேரும் நேரத்தை மட்டும் கொடுக்காமல் விமான எண்ணையும் கொடுக்க வேண்டும். தாமதமானால் அதைக்கொண்டுதான் அவர்கள் கண்காணிப்பார்கள். நள்ளிரவு கடந்து இறங்கும் விமானங்களில் தேதிக் குழப்பம் எளிதில் நேரும். 14-ஆம் தேதி இரவு புறப்பட்டு 15-ஆம் தேதி அதிகாலை 1.15 மணிக்கு இறங்குபவருக்கு 15-ஆம் தேதி கார் வேண்டும். ‘14-ஆம் தேதி இரவு’ என்று எழுதினால் வண்டி ஒரு நாள் முன்னதாக வந்து திரும்பிவிடும். வெளியே வந்ததும் ‘இந்த விடுதியின் காரா?’ என்று எவரிடமும் கேட்கக் கூடாது. ‘ஆம்’ என்று சொல்ல யாராலும் முடியும். நம் பெயரையும் விடுதியின் பெயரையும் அவரே சொல்லட்டும்.

குடிக்கவும் தேநீர் அருந்தவும்

இனி டிப்ஸுக்கு வருவோம். பிரெஞ்சு மொழியில் இதற்கான சொல்லுக்குக் ‘குடிப்பதற்கு’ என்று பொருள். ஜெர்மன் மொழியில் ‘குடிப்பணம்’ என்கிறார்கள். ரஷியச் சொல் தேநீரிலிருந்து பிறந்தது. ‘டீ செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று நாமும் சொல்கிறோம். ஒரு மிடறு பானத்துக்கான சிறு தொகை என்ற அளவில்தான் எங்கும் இது தொடங்கியிருக்கிறது. சில நாடுகளில் அது அப்படியே நின்றுவிட்டது. சில நாடுகளில் மறைந்துவிட்டது. அமெரிக்காவில் ஊதியமாகவே மாறிவிட்டது.

அங்கே அது எப்படி ஊதியமானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பின், புல்மன் நிறுவனத்தின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில், அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கருப்பினத்தவர் பணியாளர்களாக அமர்த்தப்பட்டனர். குறைந்த சம்பளம் கொடுத்து, மீதியைப் பயணிகளின் இனாமுக்கு விட்டது நிறுவனம். அதற்கு எதிராக 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் உருவான தொழிற்சங்கம், 1937-இல்தான் நிறுவனத்துடன் ஒப்பந்தம் காண முடிந்தது. இடையே, டிப்ஸ் ஜனநாயகத்துக்கு ஒவ்வாதது எனக் கருதி 1909-இல் வாஷிங்டன் மாநிலம் அதற்குத் தடை விதித்தது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. ஆனால், 1926-க்குள் அந்தச் சட்டங்கள் அனைத்தும் கைவிடப்பட்டன.

இன்று அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், 2009 முதல் அது மாறவில்லை. டிப்ஸ் பெறும் தொழிலாளர்களுக்கோ முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதி டிப்ஸிலிருந்து ஈடாக வேண்டும், ஈடாகாவிட்டால்தான் முதலாளி நிரப்ப வேண்டும். இந்த 2.13 டாலர் 1991 முதல் அப்படியே இருக்கிறது. கலிஃபோர்னியா, வாஷிங்டன் உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் மட்டும் இந்தச் சலுகையை ஏற்காமல் முழு ஊதியமும் கொடுக்கச் செய்கின்றன. ஆகவே, அமெரிக்க உணவகத்தில் 15 முதல் 20 சதவீதம் கொடுப்பதைத் தாராள மனம் என்று எவரும் பாராட்டுவதில்லை. கொடுக்காமல் எழுந்து செல்வதைச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டதாகவே கருதுவர். கார் ஓட்டுநருக்கும் இதே அளவுதான் வழக்கம். ஆனால், கார் நிறுவனங்கள் பல, இத்தொகையை முன்கூட்டியே பில்லில் சேர்த்துவிடுகின்றன. அதைப் பார்த்தபின் பணப்பையைத் திறப்பது நல்லது. இலவச வேன் ஓட்டுநருக்குப் பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர் கொடுப்பர். வேன்தான் இலவசம், அவர் பெட்டி தூக்குவது இலவசம் அல்ல.

ஊருக்கு ஒரு வழக்கம்

ஜப்பான் இதற்கு நேர் எதிர். அங்கே டாக்சியின் பின்கதவை ஓட்டுநரே விசையால் திறந்து மூடுவார். பெட்டியை எடுத்து வைப்பார். இறங்கும்போது மீதிச் சில்லறையைக் கடைசி யென் வரை எண்ணித் தருவார். ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்றால் சங்கடப்படுவார். வேலையைச் செம்மையாகச் செய்வது கட்டணத்துக்குள் அடங்கியது என்பது அவர்கள் எண்ணம். பாரம்பரிய விடுதிகளில் மட்டும், உபசரிக்கும் பெண்மணிக்கு உறையிலிட்டுச் சிறு தொகை கொடுக்கும் பழைய வழக்கம் உண்டு, அதுவும் கட்டாயமில்லை. தென் கொரியாவிலும் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதில்லை.

சிங்கப்பூரில் உணவகங்களும் விடுதிகளும் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருக்கும். ஒன்று 10 சதவீத சேவைக் கட்டணம். மற்றொன்று அதையும் சேர்த்துக் கணக்கிடப்படும் 9 சதவீத சரக்கு, சேவை வரி. 100 வெள்ளி என்று எழுதியிருப்பது 119 வெள்ளி 90 காசாக வரும். அதன்மேல் டிப்ஸ் தேவையில்லை. நம் நாட்டில் உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அந்த நினைவில் சிங்கப்பூரில் வாதாடுவது பயனளிக்காது. அங்கே அது விலையின் ஒரு பகுதி.

பிரான்ஸில் உணவகப் பட்டியலில் காணும் விலையில் சேவையும் அடக்கம். திருப்தியாக இருந்தால் சில்லறையை விட்டு வரலாம். ஜெர்மனியில் தொகையை முழுமையாக்கி, பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது முறை. லண்டன் உணவகங்கள் பலவற்றில் பில்லிலேயே 12.5 சதவீதம் சேர்த்திருப்பார்கள். அது விருப்பத்துக்கு உட்பட்டதே என்பதால் நீக்கச் சொல்லலாம். ஆனால், டிப்ஸ் தொகையை நிர்வாகம் பிடித்தம் செய்யாமல் தொழிலாளர்களுக்கே கொடுக்க வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதையும் நினைவில் கொள்ளலாம். எகிப்தில் சிறு உதவி ஒவ்வொன்றுக்கும் ‘பக்ஷீஷ்’ எதிர்பார்ப்பார்கள். சிறு நோட்டுகள் இல்லாமல் அங்கே நடமாடுவது சிரமம்.

துபையில் டிப்ஸ் கட்டாயமில்லை. ஆயினும், கொடுத்தால் மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொள்வர். அங்கே காரை ஓட்டி வருபவர் கேரளத்தையோ தமிழகத்தையோ பாகிஸ்தானையோ வங்கதேசத்தையோ சேர்ந்தவராக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அவருக்குக் கொடுக்கும் ஐந்து, பத்து திர்ஹம் எங்கோ ஒரு கிராமத்து வீட்டுக்குப் போகிறது.

கொடுக்கும் முறை

எவ்வளவு என்பதைப் போலவே எப்படி என்பதும் முக்கியம். பணம் மாற்றும் இடத்திலேயே சிறு நோட்டுகளைக் கேட்டு வாங்கி, தனியே வைத்துக்கொள்ள வேண்டும். வேறு நாட்டு நாணயங்களைக் கொடுப்பது உதவியாகாது. நாணயங்களை வங்கிகள் பொதுவாக மாற்றிக் கொடுப்பதில்லை. கார் கட்டணம் அறைக் கணக்கில் சேர்வதாக இருந்தால் டிப்ஸை ஓட்டுநரின் கையில் ரொக்கமாகக் கொடுப்பதே உறுதியான வழி. அமெரிக்காவில் அறையைச் சுத்தம் செய்பவருக்கு நாளுக்கு இரண்டு முதல் ஐந்து டாலர் வைப்பர். அதைக் கடைசி நாளில் மொத்தமாக வைக்காமல் அன்றன்று வைப்பது நியாயம். திங்களன்று வந்தவரே வியாழனன்றும் வருவார் என்பதில்லை.

டிப்ஸ் என்ற ஏற்பாட்டை நான் ஆதரிப்பவன் அல்லன். ஒருவரின் வயிற்றுப்பாடு மற்றொருவரின் மனநிலையைப் பொறுத்து அமைவது இருவருக்குமே பெருமை சேர்க்காது. ஊதியத்தை முதலாளி கொடுக்கட்டும், விலையை வெளிப்படையாக எழுதட்டும் என்பதே சரியான நிலைப்பாடு. ஆனால், அந்தக் கொள்கையை நியூயார்க்கில் ஓர் ஓட்டுநரின் பணத்தைப் பிடித்தம் செய்து நிலைநாட்ட முடியாது. இழப்பு அவருக்கே தவிர, அவருடைய முதலாளிக்கு அல்ல. அதேபோல, டிப்ஸ் இல்லாத நாட்டில் நம் தாராளத்தைக் காட்டுவதும் முறையல்ல. பணியாளர்கள் பயணியின் பணப்பையை எடைபோடாமல் வேலை செய்யும் நல்ல வழக்கத்தை அது மெல்லக் கெடுக்கும்.

எனவே, பயணத்துக்கு முன் விசாவையும் செலாவணியையும் சரிபார்க்கும்போது இன்னொன்றையும் கேட்டு அறிந்துகொள்வோம். செல்லும் நாட்டில் உழைப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? முதலாளி முழுமையாகக் கொடுக்கும் இடத்தில் நன்றி சொன்னால் போதும். நம்மிடம் அந்தப் பொறுப்பை விட்டுவைத்திருக்கும் இடத்தில், இனாமாக அல்ல, ஊதியமாகவே கொடுப்போம்.