மெதுவாக வளரும் லிம்போமா: புற்றுசெல்லை வாழவைக்கும் பி செல் ஏற்பி

நிணநீர் மண்டலத்தில் தோன்றும் புற்றுநோய்கள் லிம்போமா என அழைக்கப்படுகின்றன. அவற்றுள் சில வகைகள் பல ஆண்டுகள் மெதுவாகவே வளர்கின்றன. அறிகுறிகள் இல்லாத நோயாளிகளுக்கு உடனடியாகச் சிகிச்சை தொடங்காமல், தொடர் கண்காணிப்பை மட்டும் மருத்துவர்கள் பரிந்துரைப்பதும் உண்டு. ஃபோலிகுலர் லிம்போமா, மார்ஜினல் ஸோன் லிம்போமா ஆகியவை இவ்வகையில் முக்கியமானவை. இவை பி செல்கள் எனப்படும் வெள்ளையணுக்களில் உருவாகின்றன. கிருமிகளை அடையாளம் காண அச்செல்கள் தாங்கியிருக்கும் ஏற்பியே, அவை புற்றுசெல்களாக மாறிய பின்னரும் அவற்றை வாழவைக்க உதவுகிறது.

ஏற்பி செயல்படும் முறை

பி செல்லின் மேற்பரப்பில் எதிர்ப்பொருள் வடிவிலான புரத மூலக்கூறுகள் பதிந்துள்ளன. இவையே பி செல் ஏற்பிகள். பொருத்தமான அயற்பொருள் ஒன்று ஏற்பியின் நுனியில் ஒட்டியதும், செல்லுக்குள் சமிக்ஞை பாய்கிறது. எஸ்.ஒய்.கே., பி.டி.கே. உள்ளிட்ட நொதிகள் அதனை அடுத்தடுத்துக் கடத்த, செல் பெருகத் தொடங்குகிறது. ஏற்பியை இழக்கும் முதிர்ந்த பி செல் உயிர்வாழ இயலாது என்பது 1997-ஆம் ஆண்டு எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வில் நிறுவப்பட்டது. இந்தச் சார்பு பெரும்பாலான பி செல் லிம்போமாக்களிலும் நீடிக்கிறது.

கிருமி நீங்கினால் கட்டி கரையும்

இதற்குத் தெளிவான சான்று இரைப்பையில் தோன்றும் மால்ட் லிம்போமா. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இரைப்பையில் நீடித்த அழற்சியை உண்டாக்குகிறது. அதனால் தூண்டப்படும் டி செல்கள், பி செல்களின் பெருக்கத்துக்குத் துணைபுரிகின்றன. 1993-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், இக்கிருமியை ஒழிக்கும் மருந்துகள் அளிக்கப்பட்ட ஆறு நோயாளிகளில் ஐவருக்கு லிம்போமா மறைந்தது. ஆரம்பநிலை நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு இச்சிகிச்சை பலனளிப்பதாகப் பின்னர் தெரியவந்தது. எனினும், 11, 18 ஆகிய குரோமோசோம்களுக்கிடையே மரபணு இடமாற்றம் நிகழ்ந்த கட்டிகள் பொதுவாக இதற்குக் கட்டுப்படுவதில்லை. தூண்டுதல் இன்றியே அவற்றில் சமிக்ஞை தொடர்வதே காரணம்.

மண்ணீரலில் தோன்றும் மார்ஜினல் ஸோன் லிம்போமாவிலும் இதே போக்கு காணப்பட்டது. ஹெபடைடிஸ் சி தொற்றும் இருந்த ஒன்பது நோயாளிகளுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து அளிக்கப்பட்டதில், எழுவருக்கு நோய் முற்றிலும் தணிந்ததாக 2002-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தெரிவித்தனர். தொற்று இல்லாத ஆறு பேரில் ஒருவருக்கும் அம்மருந்து பலன் தரவில்லை.

ஃபோலிகுலர் வகையின் தந்திரம்

ஃபோலிகுலர் லிம்போமாவில் பெரும்பாலான நோயாளிகளுக்கு 14, 18 ஆகிய குரோமோசோம்களின் பகுதிகள் இடம் மாறியுள்ளன. இதனால் செல் இறப்பைத் தடுக்கும் பிசிஎல்2 புரதம் மிகுதியாக உற்பத்தியாகிறது. எதிர்ப்பொருள் மரபணுவின் ஒரு பிரதி இதில் சிதைந்தாலும், மற்றொரு பிரதியைக் கொண்டு செல் தன் ஏற்பியைத் தக்கவைத்துக்கொள்கிறது. அதன் நுனியில் மேனோஸ் என்ற சர்க்கரை மூலக்கூறுகளும் சேர்கின்றன. அருகிலுள்ள மேக்ரோஃபேஜ் செல்களின் புரதங்கள் இச்சர்க்கரையைப் பற்றுவதால், கிருமி எதுவும் இல்லாமலேயே ஏற்பிக்குத் தூண்டுதல் கிடைக்கிறது.

சமிக்ஞையைத் தடுக்கும் மருந்துகள்

பி.டி.கே. நொதியின் பெயரில் உள்ள முதல் எழுத்து, அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டனைக் குறிக்கிறது. எதிர்ப்பொருள் உற்பத்தியாகாத சிறுவன் ஒருவனின் நிலையை அவர் 1952-இல் பதிவுசெய்தார். இந்நொதியின் மரபணுக் குறைபாடே அந்நோய்க்குக் காரணம் என்பது 1993-இல் கண்டறியப்பட்டது. அதே நொதியைத் தடுக்கும் இப்ருடினிப் மருந்துக்கு 2013-இல் அமெரிக்காவில் முதல் ஒப்புதல் கிடைத்தது. நாள்பட்ட லிம்போசைட்டிக் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இவ்வகை மருந்துகள் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தின.

ஆயினும் எல்லா வகைகளிலும் வெற்றி ஒரே அளவில் இல்லை. மார்ஜினல் ஸோன் லிம்போமாவுக்கான இப்ருடினிப் ஒப்புதலை அதன் தயாரிப்பாளர்கள் 2023-இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றனர். சமிக்ஞைக்குச் செல் மாற்றுவழிகளைக் கண்டுகொள்வதும், நொதியில் ஏற்படும் மரபணு மாற்றங்களும் மருந்தின் பலனைக் குறைக்கக்கூடும்.

இந்தியாவில் ஹெலிகோபாக்டர் பைலோரி தொற்று பரவலாகக் காணப்படுகிறது. தொற்று உள்ள மிகப் பெரும்பாலானோருக்கு லிம்போமா வருவதில்லை. ஆனால், இரைப்பை மால்ட் லிம்போமா உறுதிசெய்யப்பட்டவருக்கு இக்கிருமிப் பரிசோதனை இன்றியமையாதது. சிலருக்குக் கதிர்வீச்சோ கீமோதெரபியோ இன்றி, சில வார மாத்திரைகளாலேயே நோய் தணிய அது வழிவகுக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.