தமிழ்நாட்டின் உள்ளூர்த் தொல்லியல் ஆர்வலர் அமைப்புகள்

தொல்லியலைத் தொழிலாகக் கொள்ளாமல், தாம் வாழும் பகுதியின் பழமையை அறியும் ஆர்வத்தால் கல்வெட்டு, நடுகல், ஈமச்சின்னம், பழைய ஊர்மேடு ஆகியவற்றைத் தேடிப் பதிவுசெய்யும் தன்னார்வலர்களின் குழுக்களே உள்ளூர்த் தொல்லியல் ஆர்வலர் அமைப்புகள் எனப்படுகின்றன. இவற்றில் ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர், வங்கி ஊழியர், உழவர், மாணவர் எனப் பல தரப்பினரும் உள்ளனர். தமிழ்நாட்டில் பல தொல்லியல் இடங்களை முதலில் கண்டவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களே. அவர்கள் கண்டதை எவ்வாறு பதிந்தார்கள், யாரிடம் சொன்னார்கள் என்பதைப் பொறுத்தே அந்த இடங்களின் வரலாறு கிடைத்தது அல்லது கைநழுவியது.

பின்னணி

இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமே தொல்லியல் துறைக்கு வெளியே நிகழ்ந்தது. 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட், நிலவியல் அளவைத் துறையில் பணியாற்றியவர். தமிழ்ப் பிராமி எழுத்தாய்வில் பெரும் பங்களித்த ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணி அலுவலர்.

ஈரோடு மாவட்டம் அறச்சலூரில் உள்ள இசைக் கல்வெட்டை 1960இல் வெளிக்கொணர்ந்தவர் புலவர் செ. இராசு. வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகளில் தாள எழுத்துகள் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டு, தமிழ் இசை, கூத்து ஆகியவற்றின் வரலாற்றுக்கு அரிய சான்றாக விளங்குகிறது. தனியார் முயற்சியாகத் தொடங்கியவை பின்னர் அமைப்புகளாக வளர்ந்தன. கண் மருத்துவரான இரா. கலைக்கோவன் திருச்சிராப்பள்ளியில் நிறுவிய டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம் 1980களிலிருந்து கோயில்களையும் குடைவரைகளையும் ஆராய்ந்து, 'வரலாறு' என்னும் ஆய்விதழையும் வெளியிட்டது. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலும் இத்தகைய அமைப்புகள் இயங்குகின்றன.

களத்தேடல்

ஆர்வலர்களின் முதற்பணி களத்தில் நடந்து தேடுவது. இதற்கு ஊர்வழக்கை அறிந்திருப்பது பெருந்துணை. நத்தமேடு, கோட்டைமேடு, சாம்பல்மேடு போன்ற பெயர்கள் பழைய குடியிருப்பைச் சுட்டக்கூடும். பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் பாண்டவர் குழி என்றும், குரங்குப்பட்டடை என்றும் மக்கள் அழைப்பர். சமண முனிவர்கள் தங்கிய குகைகளிலுள்ள கற்படுக்கைகள் பல ஊர்களில் பஞ்சபாண்டவர் படுக்கை எனப்படுகின்றன. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் வேடியப்பன் என்று பொங்கலிட்டு வழிபடப்படும் கற்களில் பல, ஆநிரை மீட்டோ ஊரைக் காத்தோ இறந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட நடுகற்கள்.

இப்பெயர்கள் துறை அலுவலர்களின் கோப்புகளில் இருப்பதில்லை. ஆடு மேய்ப்பவர், ஏரி தூர்வாருபவர், கிணறு வெட்டுபவர், கோயில் பூசாரி ஆகியோரிடம் பேசினால்தான் கிடைக்கும். ஒரே வட்டாரத்தில் ஆண்டுக்கணக்கில் சுற்றிவரும் உள்ளூர் ஆர்வலருக்கு இந்த வாய்ப்பு இயல்பாகவே அமைகிறது. கோடையில் ஏரி வற்றும்போது கரையில் தெரியும் பானை ஓடுகளும், முதல் மழைக்குப்பின் வண்டிப்பாதை அரிக்கப்பட்டு வெளிப்படும் தாழி விளிம்பும் அவ்வழியே அடிக்கடி செல்பவர் கண்ணில்தான் படும்.

படியெடுத்தலும் பதிவும்

கண்டதைப் பதிவுசெய்வது அடுத்த பணி. கல்வெட்டாயின் மைப்படி எடுக்கப்படுகிறது. முதலில் கல்லின் மேலுள்ள மண்ணையும் பாசியையும் தண்ணீரும் தூரிகையும் கொண்டு மெல்ல அகற்ற வேண்டும். பின் நனைத்த தாளைக் கல்லின் மேல் விரித்து, அது எழுத்துகளின் பள்ளத்தில் நன்கு படியும்படி மயிர்த்தூரிகையால் தட்ட வேண்டும். தாள் ஓரளவு உலர்ந்ததும் மையில் தோய்த்த துணிப்பந்தால் மேலாக ஒற்றினால், பள்ளத்தில் மை படியாமல் எழுத்துகள் வெண்மையாகவும் சுற்றிலும் கருமையாகவும் தெரியும். கண்ணால் பார்க்கும்போது புலப்படாத எழுத்துகள்கூட மைப்படியில் துலங்குவதுண்டு.

படி எடுத்தபின் ஊர், வட்டம், இடத்தின் அமைவு, கல்லின் அளவு, அது நிற்கும் திசை, அருகிலுள்ள பிற தடயங்கள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். நடுகல்லை வயல்வரப்பிலிருந்து பெயர்த்துக் கோயில் வாசலில் வைத்துவிட்டால் கல் தப்பும். ஆனால் அந்த வீரன் எந்த இடத்தில் நினைவுகூரப்பட்டான், அருகே ஈமக்காடு இருந்ததா, பழைய பாதை சென்றதா என்பவை மறைந்துவிடும். எழுத்து தெளிவாகத் தெரியவேண்டும் என்று எண்ணெய்ச்சாயம் பூசுவதும், கூரிய கம்பியால் கீறுவதும் கல்லுக்குக் கேடு செய்யும். கோயில் திருப்பணிகளின்போது மணல் வீச்சு முறையில் கற்களைத் தூய்மை செய்ததால் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோன நிகழ்வுகளும் உண்டு. இத்தகைய இடங்களில் முன்னரே எடுத்துவைத்த மைப்படியே சான்றாக எஞ்சுகிறது.

வெளியீடு

தஞ்சாவூரைச் சார்ந்து இயங்கும் தமிழகத் தொல்லியல் கழகம் 1990களின் தொடக்கத்திலிருந்து 'ஆவணம்' என்னும் இதழை வெளியிட்டு வருகிறது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் உள்ளூர் ஆர்வலர்களும் தாம் புதிதாகக் கண்ட கல்வெட்டுகளையும் நடுகற்களையும் இதில் அச்சேற்றுகின்றனர். கல்வெட்டின் பாடமும் இடக்குறிப்பும் அச்சில் வருவதால் பிறர் அதைச் சரிபார்க்கவும் வாசிப்பைத் திருத்தவும் இயலும். செய்தித்தாளில் வந்த ஒரு பத்தியோடு நின்றுவிடும் கண்டுபிடிப்புக்கு இந்த வாய்ப்பு இல்லை.

கீழடி

சிவகங்கை மாவட்டம் கீழடியில் 1970களில் கிணறு வெட்டியபோது கிடைத்த பழம்பொருள்கள் மாணவர்கள் வழியாக அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குத் தெரியவந்தன. அவர் அவற்றின் முக்கியத்துவத்தை உணர்ந்து தொல்லியலாளர்களுக்குத் தெரிவித்தார். ஆயினும் அங்கு முறையான அகழாய்வு தொடங்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையிலான குழு வைகைப் படுகையில் கள ஆய்வு செய்து 293 இடங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் தேர்ந்தெடுக்கப்பட்ட கீழடியில் 2014–15 பருவத்தில் அகழாய்வு தொடங்கியது. பின்னர் மாநிலத் தொல்லியல் துறை அப்பணியைத் தொடர்ந்தது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 எனக் கரிமக் கணிப்பில் தெரிந்தது. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அகழாய்வு நடந்த மேடு இடைப்பட்ட காலத்தில் தென்னந்தோப்பாக இருந்ததால் பெரிதும் தப்பியது. அங்கு வீட்டுமனைகளோ செங்கல் சூளையோ வந்திருந்தால் ஆசிரியரின் அறிவிப்பு மட்டுமே எஞ்சியிருக்கும். ஓர் இடம் கண்டறியப்படுவதற்கும் அது ஆராயப்படுவதற்கும் இடையே ஒரு தலைமுறையே கழியலாம் என்பதால், அதுவரை அந்த இடத்தின் மீது கண்வைத்திருப்பது உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பாகிறது.

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கோட்டை மதில், அகழி, இரும்பு உருக்கிய தடயங்கள் ஆகியவற்றைப் புதுக்கோட்டைத் தொல்லியல் ஆய்வுக் கழகத்தினர் தொடர்ந்து பதிவுசெய்து, அங்கு அகழாய்வு நடத்த வேண்டும் என வலியுறுத்தி வந்தனர். 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கு அகழாய்வைத் தொடங்கின.

செம்பியன் கண்டியூர்

மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள செம்பியன் கண்டியூரில் 2006இல் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் வாழையும் தென்னையும் நடக் குழி தோண்டியபோது வழவழப்பாகத் தீட்டப்பட்ட கற்கோடரிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் நான்கு குறியீடுகள் இருந்தன. அவர் அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் தொல்லியல் துறையினரின் பார்வைக்குக் கொண்டுசென்றார். ஐராவதம் மகாதேவன் அவற்றைச் சிந்து எழுத்துகள் எனக் கருதினார். வேறு சில அறிஞர்கள் அக்கருத்தை ஏற்கவில்லை.

இவ்விவாதம் முடிவுக்கு வராததற்கு ஒரு காரணம், கோடரி முறையான அகழாய்வில் கிடைக்காததாகும். அகழாய்வுக் குழியில் ஒரு பொருள் கிடைத்தால் அது எந்த மண்ணடுக்கில் இருந்தது, உடன் எத்தகைய பானை ஓடுகள் இருந்தன, காலம் கணிக்கக் கரித்துண்டு கிடைத்ததா என்பவை பதியப்படும். கற்கோடரியின் காலத்தை அதன் வடிவத்தைக்கொண்டு மட்டும் உறுதியாகக் கூற இயலாது. தற்செயலாக வெளிப்பட்ட பொருளில் ஆசிரியர் செய்யக்கூடியதைச் சரியாகவே செய்தார். எனினும் பொருளைப் பாதுகாத்தாலும் மண்ணடுக்கின் செய்தியை மீட்க முடியாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. ஆர்வலர்கள் தாமாகத் தோண்டலாகாது என்ற விதியின் அடிப்படை இதுவே.

மலைகளைக் காத்தல்

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், சமணச் சிற்பங்கள், பாண்டியர் குடைவரைகள் மிகுதியாக உள்ளன. இக்குன்றுகளில் பல கருங்கல் குவாரிகளால் அழிவை எதிர்கொண்டன. 2010ஆம் ஆண்டை ஒட்டி யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் பேசப்பட்டு, மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அக்காலத்தில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுத்த 'பசுமை நடை' அமைப்பு, பொதுமக்களைக் குடும்பத்தோடு இக்குன்றுகளுக்கு அழைத்துச் சென்றது. தொல்லியல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சொ. சாந்தலிங்கம் போன்றோர் கல்வெட்டுகளை அங்கேயே படித்து விளக்கினர். மலையடிவார மக்களும் தம் மலையின் வரலாற்றை நேரில் கேட்டறிந்தனர்.

மேலூர் வட்டத்திலுள்ள அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும், இலகுலீசர் உருவம் கொண்ட பாண்டியர் குடைவரையும் உள்ளன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193.42 எக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் இப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏல அறிவிப்பு வெளியானபோது ஊர்மக்கள் கடுமையாக எதிர்த்தனர். 2025 சனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை இரத்து செய்தது. அப்போராட்டத்தில் மலையின் தொன்மையும் முக்கிய வாதமாக இருந்தது.

மாணவர் பங்கேற்பு

இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றம், மாணவர்களுக்குத் தமிழ்ப் பிராமி எழுத்துகளைப் படிக்கவும், கல்வெட்டைப் படியெடுக்கவும், பானை ஓடுகளை இனங்காணவும் பயிற்சி அளித்துள்ளது. இத்தகைய மன்றங்களால் வீட்டில் கொல்லை தோண்டும்போதும் ஊரில் சாலை போடும்போதும் வெளிப்படுவதைக் கவனிக்கும் கண்கள் பெருகுகின்றன.

சட்ட வரம்புகள்

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, நிலத்தில் மறைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், கல்வெட்டு, நாணயம் போன்றவை தொல்பொருள்களாகக் கருதப்படுகின்றன. கையெழுத்துப் படிகளுக்கு இவ்வரம்பு 75 ஆண்டுகள். அகழாய்வு நடத்த இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் தேவை. ஆகவே ஓர் ஊரில் தாழியோ சிலையோ நாணயமோ வெளிப்பட்டால், அந்த நிலையிலேயே படம் எடுத்து, தோண்டுவதை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியருக்குத் தெரிவிப்பதே முறை.

மதிப்பீடு

ஆர்வலர்களின் வாசிப்புகள் சில நேரம் பிழைபடுகின்றன. ஊர்ப்பெருமையை முன்னிட்டுக் காலத்தை மிகைப்படுத்துவதும், கிடைத்த ஓட்டுச் சில்லை எல்லாம் சங்ககாலம் என்பதும் உண்டு. மைப்படியும் இடக்குறிப்பும் முறையாக இருந்தால் இப்பிழைகளைப் பின்வருவோர் திருத்திவிடலாம். பதிவு இல்லாத இடத்தில் திருத்தவும் ஒன்றும் இருக்காது. மாநிலம் முழுவதும் பரவிக்கிடக்கும் மேடுகளையும் பாறைகளையும் நடுகற்களையும் துறை அலுவலர்கள் மட்டும் சுற்றிவந்து காப்பது இயலாத செயல். அகழாய்வுக் குழுவினர் சில மாதங்கள் தங்கிச் செல்கின்றனர். அவர்கள் வருமுன்னும் சென்றபின்னும் அந்த இடத்தின் அருகே இருப்பவர்கள் ஊர்மக்களே.