ஆல்பியாவின் உயிர்கள்

மின்னணுத் திரையில் மட்டுமே பிறந்து, பசித்து, வளர்ந்து, மடியும்படி நிரலால் ஆக்கப்படும் உயிரி மெய்நிகர் வளர்ப்புப் பிராணி எனப்படுகிறது. ஜப்பானின் பண்டாய் நிறுவனம் தமகாட்சி என்ற கையடக்க மெய்நிகர் பிராணியை விற்பனைக்குக் கொண்டுவந்த 1996 நவம்பரிலேயே இங்கிலாந்தில் ‘கிரியேச்சர்ஸ்’ என்ற கணினி விளையாட்டும் வெளிவந்தது. முன்னதைக் குழந்தைகள் உலகெங்கும் கையில் ஏந்தித் திரிந்தனர் என்றாலும், உயிர் என்பது எவ்வாறு இயங்குகிறது என்ற கேள்வியை உண்மையாக எதிர்கொண்டது பின்னதே. அதை வடிவமைத்த ஸ்டீவ் கிராண்ட் தாமாகவே நிரல் எழுதக் கற்றவர்.

தமகாட்சியின் பசியும் மகிழ்ச்சியும் நேரம் செல்லச் செல்லக் குறைந்து, பொத்தானை அழுத்தினால் ஏறும் சில எண்களே. கிராண்டோ, தம் உயிரிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை எழுதாமல், நடத்தை தானே தோன்றுவதற்கு வேண்டிய உறுப்புகளை மட்டும் எழுதினார். ஆல்பியா என்ற கற்பனை உலகில் வாழ்ந்த நார்ன் எனும் அவ்வுயிரி ஒவ்வொன்றின் மூளையிலும் ஏறத்தாழ 1,000 நியூரான்களும், அதாவது நரம்பணுக்களைப் போலச் செயல்படும் சிறு கணக்கீட்டு அலகுகளும், அவற்றிடையே சுமார் 5,000 இணைப்புகளும் இருந்தன. பசி, வலி, தனிமை ஆகியவை உடலில் ஓடும் வேதிப்பொருள்களின் அளவாகவே குறிக்கப்பட்டன. ஒரு செயலால் பசி தணிந்தால் வெகுமதிக்குரிய வேதிப்பொருள் சுரந்து, அச்செயலுக்கு வழிவகுத்த நரம்பிணைப்புகளை வலுப்படுத்தியது. வளர்ப்பவர் தடவிக்கொடுப்பதும் தட்டிக் கண்டிப்பதும் இதே வழியில்தான் மூளையை எட்டின. ஆகவே நார்ன் உண்ணக் கற்றது என்று சொல்வது வெறும் உருவகம் அன்று.

இந்த மூளையையும் உடலையும் வகுத்தவை மரபணுக்கள். இரண்டு நார்ன்கள் கூடி முட்டையிட்டபோது பெற்றோரின் மரபணுக்கள் கலந்தன. நகலெடுப்பின்போது ஒரு மரபணு விடுபடவோ, இருமுறை இடம்பெறவோ, திரியவோ இடமளிக்கப்பட்டிருந்தது. இதனால், படைத்தவரே எண்ணிப்பார்த்திராத உடற்கூறுகளைப் பயனர்கள் வீட்டுக் கணினிகளில் தலைமுறை தலைமுறையாகக் கண்டனர். சிலர் மரபணுக்களைத் தாமே திருத்திப் புதிய இனங்களை உருவாக்கிப் பகிர்ந்துகொண்டனர். அறிவியலாளர்கள் செயற்கை உயிர் என்று அழைக்கும் துறை, ஆய்வுக்கூடத்தை விட்டு இல்லங்களுக்குள் நுழைந்த அரிய தருணம் அது.

தொடர்ச்சிப் பதிப்புகள் 1998இலும் 1999இலும் வந்தன. கிராண்டின் தேடல் அவற்றோடு நிற்கவில்லை. நார்னின் மூளை முன்னிருக்கும் பொருளுக்கு எதிர்வினை ஆற்றியதே அன்றி, கண்முன் இல்லாத ஒன்றை எண்ணிப்பார்க்க அதனால் இயலவில்லை. இக்குறையை உணர்ந்த அவர், தாம் பணியாற்றிய விளையாட்டு நிறுவனத்தை விட்டு விலகி, 2001 முதல் லூசி என்ற ஒராங்குட்டான் வடிவ ரோபோவைத் தம் வீட்டிலேயே உருவாக்கத் தொடங்கினார். பாலூட்டிகளின் மூளைப் புறணி எவ்வாறு இயங்கக்கூடும் என்பதை ஆராய்வதே அதன் நோக்கம். பின்னர் 2011இல், கற்பனை செய்யும் திறன் பெற்ற திரை உயிரிகளைத் தனியொருவராகப் படைக்கும் கிராண்ட்ராய்ட்ஸ் என்ற திட்டத்திற்காக, கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளம் வழியாகப் பொதுமக்களிடம் 10,000 டாலர் கோரினார். அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் பணம் சேர்ந்தது.

அப்பணி பத்தாண்டுகளையும் கடந்து நீண்டதைத் தாமதம் என்று மட்டும் கணிப்பது பொருந்தாது. செயலுக்கு முன்பே அதன் விளைவை மனத்தில் நிகழ்த்திப் பார்க்கும் மூளை வேண்டுமெனில், அது தன் உடலையும் சூழலையும் பற்றிய முன்கணிப்பைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு ஏற்ற தசைகளும் கண்களும் மூட்டுகளும் வேண்டும். அவற்றில் ஒன்றை மாற்றினாலும் மூளையின் அமைப்பை மீண்டும் எண்ண நேரும். வெளியீட்டு நாளைக் குறித்துக்கொண்டு உழைக்கும் விளையாட்டு நிறுவனம் எதுவும் ஏற்கத் தயங்கும் இந்தச் சுழற்சியை, ஒரு தனிமனிதர் தம் மேசையில் ஆண்டுக்கணக்கில் ஏற்றுக்கொண்டார்.