சிஏஎஸ் நடுவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? தீர்ப்பு நியாயமாக இருக்குமா?

மூவாரில் எந்த மாமாக் கடையில் உட்கார்ந்தாலும் காற்பந்துப் பேச்சு கடைசியில் ஜேடிதியில்தான் போய் நிற்கும். அந்த ஜேடிதியின் மூன்று ஆட்டக்காரர்கள் உட்பட ஏழு பேருக்கு 2025 செப்டம்பரில் பிஃபா 12 மாதத் தடை விதித்தது. ஜூன் 10-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் வியட்நாமை மலேசியா 4-0 என்று வென்ற ஆட்டத்தில் களமிறங்கியவர்கள் இவர்கள். இவர்களுடைய தாத்தா, பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டிய ஆவணங்கள் போலியானவை என்றது பிஃபா. மலேசியக் காற்பந்து சங்கத்துக்கும் 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். நவம்பரில் பிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் கைவிரித்தது.

அடுத்த வாசல் எது? சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம். சுருக்கமாக சிஏஎஸ். சங்கமும் ஆட்டக்காரர்களும் அங்கேதான் போனார்கள். இங்கே நடுவர் என்றால் விசில் ஊதுபவர் இல்லை. வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர்.

மூன்று நாற்காலி

சிஏஎஸ் மேல்முறையீட்டில் பொதுவாக மூன்று நடுவர்கள். மேல்முறையீடு செய்பவர் ஒருவரைச் சொல்லலாம், எதிர்த்தரப்பு ஒருவரைச் சொல்லலாம். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால் இருவரும் சிஏஎஸ் வைத்திருக்கும் பட்டியலிலிருந்துதான் பெயர் எடுக்க வேண்டும். நடு நாற்காலியில் உட்காரும் தலைவரை இரு தரப்புமே தேர்ந்தெடுப்பதில்லை; சிஏஎஸ் மேல்முறையீட்டுப் பிரிவின் தலைவர் நியமிக்கிறார். பெரும்பான்மை அமையாவிட்டால் அந்த நடு நாற்காலியின் முடிவே தீர்ப்பு.

சரி, பட்டியலைப் போடுவது யார்? ஐகாஸ் என்ற மேற்பார்வைக் குழு. 1994-இல் அது அமைந்தபோது 20 உறுப்பினர்கள். அதில் 12 பேரை அனைத்துலக ஒலிம்பிக் குழு, அனைத்துலகச் சம்மேளனங்கள், தேசிய ஒலிம்பிக் குழுக்கள் ஆகிய மூன்றும் தலா நான்காகப் போட்டன. மீதி எட்டுப் பேரும் அவர்கள் வழியாகவே வந்தவர்கள். ஐகாஸ் தலைவராக நீண்ட காலம் இருந்த ஜான் கோட்ஸ், அதே காலகட்டத்தில் ஒலிம்பிக் குழுவின் துணைத் தலைவராகவும் இருந்தார். வழக்கில் எதிர்த்தரப்பாக நிற்கக்கூடிய அமைப்புகளே பட்டியலுக்குப் பின்னாலும் இருக்கின்றன என்பதுதான் விமர்சகர்களின் கோபம். அதைச் சும்மா புலம்பல் என்று தள்ளிவிட முடியாது.

ஜெர்மனியின் பனிச்சறுக்கு ஓட்ட வீராங்கனை கிளவுடியா பெக்ஸ்டைன் இதே கேள்வியை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை கொண்டு போனார். 2018-இல் தீர்ப்பு வந்தது. சிஏஎஸ் சுதந்திரமானதுதான் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள், இருவர் மறுத்தார்கள். ஆனால் அவர் கேட்டும் பொது விசாரணை தராதது உரிமை மீறல் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

நடுவரை மாற்ற முடியுமா?

முடியும். சந்தேகத்துக்கான காரணம் தெரிந்து ஏழு நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும். சீன நீச்சல் வீரர் சுன் யாங்குக்கு 2020 பிப்ரவரியில் சிஏஎஸ் எட்டு ஆண்டுத் தடை போட்டது. குழுத் தலைவர், இத்தாலியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஃபிராங்கோ ஃபிராட்டினி. நாய் இறைச்சி விவகாரத்தில் சீனர்களை அவர் கடுமையாகத் திட்டிய பழைய டுவிட்டர் பதிவுகள் பிறகு வெளியே வந்தன. சுவிஸ் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. 2021-இல் புதிய குழு விசாரித்தது. குற்றம் குற்றமாகவே நின்றது. தண்டனை மட்டும் நான்கு ஆண்டு மூன்று மாதமாகக் குறைந்தது. இடையில் ஊக்கமருந்து விதிகளும் தளர்ந்திருந்தன. அதனால் ஆள் மாறியதால்தான் தண்டனை குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு உதாரணம். 2015-இல் இந்திய ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், ஹார்மோன் அளவு விதியை எதிர்த்து வென்றார். குழுத் தலைவர் ஆஸ்திரேலியாவின் அன்னபெல் பென்னட். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் எடை கூடியதால் தகுதி இழந்த வினேஷ் போகாட்டின் மனுவைத் தள்ளுபடி செய்ததும் அதே பென்னட்தான். அங்கே அவர் ஒற்றை நடுவர். ஒலிம்பிக் நேரத்துச் சிறப்புப் பிரிவில் இரு தரப்புக்கும் தேர்வு உரிமையே கிடையாது.

காசு யார் தருவார்?

அனைத்துலகச் சம்மேளனம் விதித்த ஒழுங்கு நடவடிக்கையை எதிர்த்தால், பெரும்பாலும் 1,000 ஃபிராங்க் கட்டணம் மட்டும்தான். நடுவர் செலவை சிஏஎஸ் ஏற்கும். வழக்கறிஞர் செலவு அவரவர் பாடு. டூட்டிக்கு இந்திய விளையாட்டு ஆணையம் கைகொடுத்தது.

அவருக்கு முன்னால், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய சாந்தி சௌந்தரராஜனுக்கு அப்படி யாரும் வரவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் வழக்கு லோசானுக்குப் போகவே இல்லை; எந்த நடுவர் என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை.